இடப்பக்கத்துப் படங்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலமா என்று கேட்டால், உன் அத்தானுக்கு இருமல் விட்டபாடில்லை, எனக்குக் கழுத்து வலி, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் உன் வீட்டுக்காரியும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்?

இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் எழுதுகிறார்கள் என்று உன் வீட்டுக்காரி சிரிப்பாள். சிரிக்கட்டும். என் போன் என்னுடையதாக இருந்து மூன்று வருடம் ஆகிறது. அதில் பள்ளிக்கூடத்துக்கு நான்கு குழு, பெற்றோருக்கு இரண்டு, மேலதிகாரிகளுக்கு ஒன்று. காலை ஒன்பது பத்துக்குள் வகுப்பைப் படம் எடுத்து ஏற்றியாக வேண்டும். மாடிப்படியில் மூன்றாவது படியில்தான் சிக்னல் கிடைக்கிறது. அங்கே போய்க் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறேன். "டீச்சர் பஸ்ஸ நிறுத்துறாங்கடி" என்று கீழே பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

போன மாதம் நீ அனுப்பிய செய்தியை மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன். "கழிவறைப் படங்களை உடனே ஏற்றவும்" என்பதற்கும் "இன்னும் ஏற்றாதவர்கள் பட்டியல்" என்பதற்கும் நடுவில் கிடந்தது, உனக்கு வேலை கிடைத்த செய்தி. எனக்கே என்மேல் கோபம் வந்தது. போனில் பேசலாம் என்றால் பேசி முடிப்பதற்குள் ஏழு முறை டிங் என்கிறது. ஆகவே நமக்குள் இனி கடிதம்தான். ஐந்தாறு நாள் ஆனாலும் வந்து சேர்கிறது. படித்துவிட்டாயா இல்லையா என்று அது காட்டிக்கொடுப்பதும் இல்லை.

உன் பள்ளிக்கூடம் பாடத்தையெல்லாம் வீடியோவாக வாங்கிப் போட்டுக்கொண்டு உன்னை வீட்டுக்கு அனுப்பியபோது நான் அழுதேன், உன்னிடம் சொல்லவில்லை. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு இந்த வேலை. விடைத்தாளைக் கம்ப்யூட்டரில் திருத்துவதாமே? எப்படி என்று விவரமாக எழுது. இந்த வருடம் எங்கள் பிள்ளைகளின் தாளும் அப்படித்தான் திருத்தப்படும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று பேரும் படித்தோம். நாங்கள் நன்றாக இருக்கிறோம். குட்டிக்குச் சளி இருந்தது, இப்போது இல்லை. அத்தானை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு. தானாகப் போய்விடும் என்று அவர் சொல்வதை நம்பாதே.

என் வேலையைக் கேட்டாயே. பெரிய கூடம், அறுபது கம்ப்யூட்டர். உள்ளே போகும்போது போன், பேனா, காகிதம் எல்லாவற்றையும் வாசலில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். விடைத்தாள்களை ஏற்கெனவே ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். திரையில் ஒரு விடை வரும். யார் எழுதியது, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. பக்கத்தில் கடிகாரம் ஓடும். நாற்பத்தைந்து நொடி. அதற்குள் மதிப்பெண்ணைத் தட்டினால் அடுத்த விடை. தாண்டினால் நம் பெயர் சிவப்பாகிவிடும். என் பக்கத்து இருக்கையில் ஓய்வு பெற்ற கணக்கு சார் ஒருவர். பழைய ஆள், ஒவ்வொரு வரியையும் உதட்டை அசைத்துப் படிக்கிறார். காலையிலேயே சிவப்பாகிவிடுவார்.

இப்போது நடப்பது ஒத்திகைதான், பழைய தாள்களை வைத்து. அதில் நான் சொன்ன ஒரு சின்ன யோசனை மேலாளருக்குப் பிடித்துப் போய்விட்டது. அதனால் ஒரு தாளுக்கு இரண்டு நிமிடம் மிச்சம். எள் என்றால் எண்ணெயாக நிற்கிறான் என்று நீ கேலி செய்வாய், தெரியும். ஆனால் சேர்ந்து ஆறே வாரத்தில் என்னை ஒரு வரிசைக்கு சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள் அக்கா. இந்த முறை யாரும் என்னை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

குட்டிக்கு டேப்லட்டில்தான் பாடம். நேற்று நான் கதை சொன்னேன். நரி காட்டுக்குள் போவதற்குள் "ஸ்கிப் பண்ணுப்பா" என்கிறாள்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

*

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அத்தான் டாக்டரிடம் போனார். மாத்திரையை விட டாக்டரின் அறிவுரை கசக்கிறதாம். கழுத்து வலி எனக்குச் சொந்தமாகிவிட்டது, அதைப் பற்றி இனி எழுத மாட்டேன். குட்டிக்குச் சளி திரும்பவில்லையே?

சூப்பர்வைசர் ஆனதற்கு வாழ்த்து. அந்த யோசனை என்னவென்று எழுதவில்லையே? அக்காவிடமே ரகசியமா? போகட்டும், தம்பி பதவிக்கு வந்துவிட்டான்.

எங்களுக்கு அறிவியல் தேர்வு பதினெட்டாம் தேதி. என்னிடம் முப்பத்தெட்டு பேர். அவர்கள் காதில் தினமும் ஓதுவது ஒரே மந்திரம்: படம் இடப்பக்கம், எழுத்து வலப்பக்கம். விடைத்தாளை விரித்தால் இரண்டும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். பக்கத்தைப் புரட்டிப் புரட்டி எழுதினால் பிள்ளைக்குப் பாகத்தின் பெயர் மறந்துபோகும். மற்றப் பள்ளிக்கூடங்களில் எழுத்துக்குக் கீழேயே பெட்டி மாதிரி குட்டியாகப் படம் போடச் சொல்கிறார்கள். என் பிள்ளைகள் முழுப் பக்கத்தில் போடுவார்கள். இருபத்து நான்கு வருடமாக இதுதான் என் வழி. நீயும் என்னிடம் படித்து அப்படித்தான் எழுதினாய். உன் இதயப் படத்தில் ரத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று உனக்கே தெரியாது, இருந்தாலும் பாஸ் ஆனாய்.

இந்த வருடம் ஒருத்தி இருக்கிறாள். வக்கீல் என்று கூப்பிடுகிறோம். எதைச் சொன்னாலும் "ஏன் டீச்சர்?" என்பாள். காரணம் சொன்னால்தான் எழுதுவாள். அம்மா துணி தேய்க்கும் கடை வைத்திருக்கிறாள். வீட்டில் இருக்கிற ஒரே போன் அம்மாவிடம். ஆன்லைன் வீட்டுப்பாடத்தை அவள் பக்கத்து வீட்டு ஜன்னல் ஓரம் நின்று செய்கிறாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்க வேண்டுமாம். அதற்கு மேல்வகுப்பில் அறிவியல் பிரிவு கிடைக்க வேண்டும். மற்ற முப்பத்தேழு பேரையும் பெற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இவளை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குட்டியிடம் நரி காட்டுக்குள் போய்த்தான் ஆக வேண்டும் என்று அத்தை சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் சௌக்கியம்.

வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். ஒன்று சொல்லலாம் என்று தோன்றியது. இந்த வருடம் மட்டும் படங்களையும் வலப்பக்கத்திலேயே போடச் சொல்லக் கூடாதா? மற்றப் பள்ளிக்கூடங்களும் அப்படித்தானே செய்கின்றன? முடிந்தால் பார். கட்டாயம் இல்லை.

அத்தான் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடட்டும்.

உன் தம்பி

*

ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. தேர்வு முடிந்தும் எங்களை விடவில்லை. பிள்ளைகளின் விவரங்களை மூன்று இடத்தில் ஏற்ற வேண்டும். ஒரே பிறந்த தேதியை மூன்று முறை ஏற்றினேன், மூன்றாவது இடம் "தவறான தேதி" என்கிறது. பிறந்த குழந்தையைத் திரும்ப உள்ளேயா அனுப்ப முடியும்?

உன் கடிதம் வந்தது இருபத்தோராம் தேதி. தேர்வு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. பிள்ளைகள் வழக்கம்போல இடப்பக்கத்தில்தான் போட்டிருக்கிறார்கள். வெளியே வந்த வக்கீல் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. "இதயம் கேட்டான் டீச்சர்! நாலு அறையும் போட்டு வால்வு வரைக்கும் பேரு எழுதிட்டேன்!" என்றாள். எட்டுக் கேள்விக்குப் படம். எட்டும் நாங்கள் போட்டுப் பழகியவை. எனக்கு அன்று இரவு நல்ல தூக்கம்.

ஆனால் உன் கடிதம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கட்டாயம் இல்லை என்கிறாய், முடிந்தால் பார் என்கிறாய். எதையோ மென்று முழுங்குகிறாய். வக்கீல் மாதிரியே கேட்கிறேன். ஏன் தம்பி?

குட்டி எப்படி இருக்கிறாள்? அத்தானுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். திருத்தும் வேலை உச்சத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் திரையைப் பார்க்கிறேன். கண்ணை மூடினாலும் கையெழுத்து ஓடுகிறது. முதுகு வலிக்கு உன் வீட்டில் தடவுகிற தைலம் எது என்று எழுது.

கணக்கு சாரை அனுப்பிவிட்டார்கள். அவருடைய எண்ணிக்கை மிகவும் குறைவாம். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். வரிசையில் அந்த இருக்கை இரண்டு நாள் காலியாக இருந்தது, பிறகு ஒரு பெண் வந்துவிட்டாள். மிக வேகம்.

குட்டிக்கு முன்பல் விழுந்தது. கூரையில் போடலாம் என்றால் அடுக்குமாடி வீட்டில் கூரைக்கு எங்கே போவது? படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினாள். உனக்கும் வந்திருக்கும்.

இங்கேயும் வெயில்தான். அத்தானுக்கு வணக்கம்.

உன் தம்பி

*

மே 29

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சரியில்லை.

பன்னிரண்டாம் தேதி தேர்வு முடிவு வந்தது. நீயும் பார்த்திருப்பாய். என் வகுப்பில் ஒன்பது பேர் அறிவியலில் தோல்வி. இருபத்து நான்கு வருடத்தில் மொத்தமாகவே ஏழு பேர்தான் என்னிடம் தோற்றிருக்கிறார்கள். இணையத்தில் கேள்விவாரியாக மதிப்பெண் பார்க்கலாம். முப்பத்தெட்டு பேருடையதையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எட்டுப் படத்துக்கும் எல்லோருக்கும் பூஜ்யம். ஒரு படத்துக்கு மூன்று, மொத்தம் இருபத்து நான்கு மதிப்பெண். ஒரு வகுப்பே கூடிப் பேசிப் படம் போட மறந்துவிட்டதா?

மறுகூட்டலுக்கு எழுதினோம். அதில் கூட்டல் சரியா என்று மட்டும்தான் பார்ப்பார்களாம். நேற்று பதில் வந்தது: மாற்றம் இல்லை. விடைத்தாளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். அதற்கு வழி இல்லை என்றார்கள்.

அதிகாரிகளின் பட்டியலில் என் பெயருக்கு நேரே சிவப்பு. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பெற்றோர் குழுவில் ஒரு அம்மா, "எப்பப் பார்த்தாலும் டீச்சர் போன நோண்டிட்டு இருந்தா புள்ளைங்க எப்படிப் பாஸாகும்?" என்று பேசிப் போட்டிருக்கிறாள். பதினோரு பேர் கைதட்டியிருக்கிறார்கள். நான் எதற்குப் போனை நோண்டினேன்? அவள் பிள்ளை வந்ததா என்று ஏற்றத்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வக்கீலுக்கு ஐம்பத்தேழு. அறிவியல் பிரிவுக்கு அறுபது வேண்டும். இருபத்து நான்கில் மூன்று போட்டிருந்தால் போதும். சேர்க்கை ஜூன் இருபத்தைந்தாம் தேதி முடிகிறது. "நான் போட்டேன் டீச்சர், நீங்க நம்புறீங்கள்ல?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு முன்னால் நான் குறுகிப் போய்விட்டேன்.

இப்போது உன்னிடம் நேராகக் கேட்கிறேன். உன் கூடத்தில் இடப்பக்கத்தைப் பார்க்கிறீர்களா, இல்லையா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. வெயிலைப் பற்றி எழுதாதே.

அக்கா

*

ஜூன் 13

தம்பிக்கு,

நான் எழுதிப் பதினைந்து நாள் ஆகிறது.

உன் வீட்டுக்காரி அத்தானிடம் போனில் பேசினாளாம். எல்லோரும் நலம், நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாளாம். கடிதம் கிடைத்ததா என்று அத்தான் கேட்டதற்கு, "மேஜை மேலதான் இருக்குண்ணா, தினமும் எடுத்து எடுத்துப் படிக்கிறார்" என்றாளாம். அப்படியென்றால் எனக்குப் பாதி விடை தெரிந்துவிட்டது.

மீதிப் பாதியை நீதான் சொல்ல வேண்டும். எனக்காக வேண்டாம், எனக்கு இன்னும் ஏழு வருட வேலைதான் பாக்கி. அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. உள்ளே இருக்கிற ஒருவர் எழுத்தில் கொடுத்தால் தாளைத் திறந்து பார்ப்பார்களாம், தலைமையாசிரியை விசாரித்துச் சொன்னார்.

சாப்பிடு.

அக்கா

*

ஜூன் 19

அக்கா,

நலம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

இடப்பக்கத்தை நாங்கள் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டாம் என்று சொன்னது நான்தான். அந்தச் சின்ன யோசனை அதுதான். ஒத்திகையில் எங்களுக்கு வந்தவை கணக்கும் மொழிப்பாடமும். இடப்பக்கம் முழுக்க வெறுமை, இல்லாவிட்டால் கிறுக்கல் கணக்கு. ஒவ்வொரு வெற்றுப் பக்கத்தையும் தட்டித் தட்டித் தாண்டிக்கொண்டிருந்தோம். "இத திரையில வராமலே செஞ்சுட்டா நேரம் மிச்சமாகுமே சார்" என்றேன். மேலாளர் என் தோளில் தட்டினார். எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து அப்படியே அமைத்துவிட்டார்கள். படம் இடப்பக்கம் என்பது நீ எனக்கே சொல்லிக்கொடுத்த முறை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஞாபகமே வரவில்லை அக்கா. கடிகாரம்தான் தெரிந்தது.

அறிவியல் தாளையும் விடைக்குறிப்பை வைத்து எங்களையே திருத்தச் சொன்னார்கள். அப்போது கணக்கு சார் கையைத் தூக்கினார். "தம்பி, 'படத்தில் காட்டியபடி'ன்னு எழுதியிருக்கு, படத்தக் காணோம். ஒண்ணு ரெண்டு இல்ல, வரிசையா வருது. இடப்பக்கத்தத் திறந்து பாக்கலாமா?" என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது, அவை உன் பிள்ளைகள். "வழிமுறையில இல்ல சார், மேல போங்க" என்றேன். அவர் போகவில்லை. அவருடைய எண்ணிக்கை குறைவு என்று எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

இதுவும் பெரிதல்ல. இதைத்தான் பதினைந்து நாளாக எழுத முடியாமல் கிழித்துக் கிழித்துப் போட்டேன். 'படம் இடப்பக்கம்' என்று நீ எழுதிய கடிதம் எனக்குக் கிடைத்தது மார்ச் பதினான்காம் தேதி. தேர்வுக்கு நான்கு நாள் இருந்தது. போன் என் சட்டைப் பையில் இருந்தது. ஒரு நிமிடம் பேசியிருந்தால் போதும். எடுத்து உன் எண்ணை அழுத்தவும் செய்தேன், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். பேசினால் நீ உடனே "யாருடா இப்படி வச்சது?" என்று கேட்பாய். கடிதம் திருப்பிக் கேட்காது. மறுநாள் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். அது தேர்வுக்குப் பிறகுதான் வந்து சேரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பெட்டியில் போட்டேன். நானும் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது போதுமாக இருந்தது.

வெளியே பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பதெல்லாம் சாக்கு. திரும்பவும் வீட்டில் உட்கார்ந்துவிடுவேனோ என்ற பயம்தான்.

உன் கடிதம் நேற்று வந்தது. இன்று காலை தேர்வு அலுவலகத்துக்கு நேரே போய், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். நகலை இதில் வைத்திருக்கிறேன். மதியம் மையத்தில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கு அந்த இடம் கிடைத்துவிட வேண்டும் அக்கா. அதைத் தவிர வேறு ஒன்றும் கேட்க மாட்டேன்.

தம்பி

*

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்கிறாயா? அத்தான் எப்படி இருக்கிறார்?

வீட்டில்தான் இருக்கிறேன். குட்டியைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டி வருவதும் நான்தான். மூன்று லட்சம் விடைத்தாளையும் திரும்பத் திறந்து பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கணக்கு சாரின் வீட்டைத் தேடிப் போனேன். "வாங்க" என்றார். காபி கொடுத்தார். பழைய மாணவர்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீயும் ஒன்றும் எழுதவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுது. வக்கீலுக்கு என்ன ஆயிற்று?

தம்பி

*

ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அத்தானுக்கு இருமல் நின்றுவிட்டது. உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. அன்புள்ள என்று போடுவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். இருபத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த கை, தானாகப் போட்டுவிட்டது.

எனக்கு உன்மேல் கோபம். யோசனை சொன்னதற்காக இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதவர் யார்? அந்தப் போனை வைத்தாயே, அதற்காக. நான்தான் இனி கடிதம் என்று சொன்னேன், நீ அதற்குள் போய் ஒளிந்துகொண்டாய். மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. அத்தான் "அவன ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போகச் சொல்லு" என்கிறார். நான் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

ஒன்பதாம் தேதி திருத்திய மதிப்பெண் வந்தது. ஒன்பது பேரும் பாஸ். பட்டியலில் என் பெயர் பச்சையாகிவிட்டது. அந்த அம்மா குழுவில் இரண்டு கும்பிடும் ஒரு பூங்கொத்தும் போட்டிருக்கிறாள். வக்கீலுக்கு எழுபத்தொன்பது.

ஆனால் சேர்க்கை ஜூன் இருபத்தைந்தாம் தேதியே முடிந்துவிட்டது. மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். கடைசியாகப் பார்த்தவர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். "எங்க கையில ஒண்ணும் இல்ல மேடம், சிஸ்டம் மூடிடுச்சு" என்றார். யார் மூடினது என்றேன். "அதுவே மூடிக்கும்." யார் திறப்பார்கள் என்றேன். அடுத்த வருடம் அதுவே திறந்துகொள்ளுமாம். யானை வாயில் போன கரும்பு.

புது வகுப்பு தொடங்கிவிட்டது. முதல் நாளே எல்லோரையும் படத்தை வலப்பக்கத்தில் போடச் சொன்னேன். எழுத்துக்குக் கீழே, பெட்டி மாதிரி குட்டியாக. "ஏன் டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். "அப்படித்தான்" என்றேன். இதுவரை எந்தப் பிள்ளைக்கும் நான் அப்படிப் பதில் சொன்னது இல்லை.

நேற்று வக்கீலைப் பார்க்கப் போனேன். கடைத்தெருவில் ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பித் தருகிற ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவர் முழுக்க விலைப்பட்டியல். மற்றப் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பத்தை அவள் தட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் என்ன வேகம்! என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, துப்பட்டாவால் நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்தாள். புது மதிப்பெண்ணை அவளே திரையில் திறந்து எனக்குக் காட்டினாள். இதயத்துக்கு மூன்றுக்கு மூன்று.

இடம் கிடைக்காததை நான் சொல்ல ஆரம்பித்தேன். அவள் வாதாடுவாள், ஏன் என்று கேட்பாள் என்று வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன்.

"பரவால்ல டீச்சர். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாள். அடுத்த வருஷம் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அம்மாவுக்கு அவள் சம்பளம் பழகிவிடும்.

கிளம்பும்போது கடை வாசல் வரை வந்தாள்.

"பேப்பர்ல போட்டிருந்தாங்க டீச்சர். உள்ள வேலை பாத்த ஒருத்தரே எழுதிக் குடுத்தாராம். அவருக்கு வேலையும் போயிடுச்சாம். நல்ல மனுஷன்ல?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒரு ரெண்டு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா எனக்கும் கெடச்சிருக்கும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். பிறகு, "அவரு யாருன்னு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்? ஒரு தேங்க்ஸ் சொல்லணும்" என்றாள்.

"தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அக்கா